நீட்டு எது, பெருசு எது

எனக்கு அறுபத்தொன்பது வயது. மூன்று பேரை வளர்த்தேன். பெற்றது இரண்டு, என் தங்கை விட்டுப்போனது ஒன்று. மூன்றும் இன்று தம் காலில் நிற்கின்றன. நான் படித்தது ஐந்தாவது வரை, அதிலும் ஐந்தாவதில் பாதி நாள் போகவில்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு மத்தியானம் ஆகும். ஆகட்டும், எனக்கு இப்போது என்ன அவசரம்?

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு போன் கடையில் பதினாறு வருடம் கண்ணாடி ஒட்டினேன். போன் வாங்குகிறவர்கள் அதன் முகத்தில் கீறல் விழாமல் இருக்க ஒட்டிக்கொண்டு போகிறார்களே, அந்தக் கண்ணாடி. குமிழி நிற்கிறது, தூசி உள்ளே இருக்கிறது என்று என் கை ஒட்டியதை யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

போன மாதம் ரேவதி என் வீட்டுக்கு வந்தாள். நான் இருந்த காலத்தில் கவுண்டரில் போன் விற்ற பெண். இப்போது கடையையே அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். வந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தாள்.

"அக்கா, இப்ப மடக்குற போனு வந்துகீது. ஒண்ணு தொறந்தா நீட்டா வருது, இன்னொண்ணு பொஸ்தகம் மாதிரி அகலமா வருது. புதுசா ரெண்டு பொண்ணுங்க வேலைக்கு வந்துகீதுங்க. எத காட்றதுன்னு தெரியாம கஸ்டமர் முன்னாடி முழிக்குதுங்க. ஜனங்களுக்கு நீட்டு புடிக்குமா, அகலம் புடிக்குமா? உனக்குத் தெரிஞ்சத எழுதிக் குடுக்கா."

"எழுதவா? நானா? வாயால சொல்றேன், போய் சொல்லிடு."

"வாயால சொன்னா அடுத்த நாளே மறந்துடுங்க. எழுதிக் குடு, நான் படிச்சுக் காட்டறேன்."

அதனால் எழுதுகிறேன்.

போன் கடைக்கு முன்னால் சானடோரியம் பக்கத்தில் ஒரு துணிக் கம்பெனியில் இருந்தேன். தைத்து வரும் சட்டையில் நூல் பிசிறு வெட்டுவது வேலை. நாள் முழுக்க நின்றபடி வெட்ட வேண்டும். கண்ணும் விரலும் அங்கே பழகின. கம்பெனியை மூடினார்கள். போன் கடையில் கூட்டித் துடைக்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். ஆறு மாதம் கூட்டினேன். ஒருநாள் கண்ணாடி ஒட்டுகிற பையன் வரவில்லை. முதலாளி என் கையைப் பார்த்து, "நூல் வெட்டின கைதானே? உக்காருங்க" என்றார். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

முதலாளி பெயர் தேவராஜ். எல்லோரும் சார் என்போம். அதற்கு முன் வாட்ச் ரிப்பேர் பார்த்தவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கடைக்கு யார் வந்தாலும் "சொல்லுங்க" என்று ஒரு தடவை சொல்வார், அப்புறம் வாயை மூடிக்கொள்வார். வந்தவர் தயங்கினாலும் இழுத்தாலும் இவர் காத்திருப்பார். ரேவதிக்கு அது பொறுக்காது. "சார் அப்டியே செல மாதிரி நிக்கிறாரு, அதுக்குள்ள நான் ரெண்டு போன் வித்துடுவேன்" என்பாள். விற்கவும் விற்பாள்.

கண்ணாடி ஒட்டுவதை அவர்தான் சொல்லிக்கொடுத்தார். முதலில் வளையலைக் கழற்ற வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் துடைக்காமல் காற்றில் காயவிட வேண்டும், துண்டில் பஞ்சு இருக்கும். மின்விசிறியை நிறுத்த வேண்டும். சித்திரை வெயிலில் விசிறி இல்லாமல் உட்கார்ந்தால் வேர்வை கொட்டும், அது போன் மேல் சொட்டக் கூடாது என்று நெற்றியில் கைக்குட்டை கட்டிக்கொள்வேன். ஈரத் துணியால் ஒரு துடைப்பு, காய்ந்த துணியால் ஒரு துடைப்பு. அப்புறம் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒன்றிரண்டு தூசி மினுக்கும். அதை விரலால் தொடக் கூடாது, ஒட்டுத் தாளால் ஒற்றி எடுக்க வேண்டும். கண்ணாடியின் மேல் விளிம்பை போனின் காது ஓட்டைக்கு நேராகப் பிடித்து, மூச்சை அடக்கி, மெல்ல விட வேண்டும். அழுத்தவே கூடாது. நடுவில் விரலை ஒரு தடவை வைத்தால் போதும், பசை தண்ணீர் போலத் தானே நாலா பக்கமும் ஓடும். அது ஓடி முடிக்கிற வரை பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும்.

ஒட்டுகிறவளுக்கு விற்கிறவளுக்குத் தெரியாத ஒன்று தெரியும். போனின் முகத்தை விரலால் சுற்றி வருகிறவள் நான்தானே.

ஆரம்பத்தில் வந்த போன்கள் கட்டையாக, அகலமாக இருந்தன. பிறகு நீட்டு நீட்டாக வர ஆரம்பித்தன. பெட்டியில் இன்ச் கணக்கு போட்டிருக்கும். எண் கூடினால் பெருசு, குறைந்தால் சின்னது என்று எல்லோரும் நினைத்தார்கள், ரேவதியும் அப்படித்தான் விற்றாள். ஒருநாள் முடிச்சூரிலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வந்தார். முதல் நாள் வாங்கிய நீட்டுப் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, என் பழைய போன்ல எண்ணு கம்மி. ஆனா அதுல பேப்பர் படிக்க முடிஞ்சுது. இதுல எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. இது எப்படிப் பெருசு?" என்று கேட்டார்.

"மூக்குக் கண்ணாடி மாத்தி எவ்ளோ நாளாச்சு சார்?" என்றாள் ரேவதி.

"கண்ணு நல்லாத்தான்மா இருக்கு. உன் பெட்டிதான் பொய் சொல்லுது."

எனக்கு அவர் சொல்வது சரியென்று பட்டது. இரண்டு போனுக்கும் உரிய கண்ணாடிகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன். நீட்டுக் கண்ணாடி தலைப்பக்கம் ஒரு விரல் தாண்டி நின்றது. பழைய போனின் கண்ணாடியோ இரண்டு பக்கமும் வெளியே எட்டிப் பார்த்தது. சரி, இந்த எண்ணை எங்கேயிருந்து எங்கே அளக்கிறார்கள்? பூ கட்டுகிற நூல் என் பையில் இருந்தது. நீளவாக்கில் வைத்தேன், எண் சேரவில்லை. அகலவாக்கில் வைத்தேன், சேரவில்லை. மூலைக்கு மூலை குறுக்கே இழுத்து ஸ்கேலில் வைத்தேன், சரியாக வந்தது.

அவ்வளவுதான் விஷயம். மூலைக்கு மூலை அளந்தால் ஒல்லியாக நெடுநெடுவென்று இருப்பதற்கு எண் கூடும். உள்ளே இடம் கூடாது. சாரிடம் காட்டினேன். அவர் நூலை வாங்கித் தானும் ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டு, "இத இத்தன நாளா நான் பாக்கலியே" என்றார். வாத்தியாருக்கு அகலமான மாடல் ஒன்றை எடுத்துக் கொடுத்து, அன்றைய பேப்பரை அதில் படிக்கச் சொல்லிக் கேட்டார். அன்றிலிருந்து போன் தேர்ந்தெடுக்கத் திணறுகிறவர்களை என்னிடம் அனுப்புவார்கள். "கண்ணாடி அக்காவ கேளு."

நானும் கவனித்தேன். நாவலூர் ஆபீஸ்களுக்குப் போகிற பிள்ளைகள் நீட்டுப் போன்தான் கேட்பார்கள். பஸ்ஸில் ஒரு கை கம்பியில் இருக்கும், இன்னொரு கையின் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போவதற்கு ஒல்லிதான் வசதி. பள்ளிக்கரணையிலிருந்து வருகிற வண்டி ஓட்டும் ஆட்கள் வழி பார்க்க நீட்டு கேட்பார்கள், அதில் வரப்போகிற தெருவும் சேர்ந்து தெரியும். சட்டைப் பையில் போடுகிறவர்களுக்கு நீட்டு ஆகாது, குனிந்தால் விழும். படிக்கிறவர்கள், கிரிக்கெட் பார்க்கிறவர்கள், கணக்கு டீச்சர்கள் அகலம் கேட்பார்கள். ஆனால் வாயைத் திறந்தால் எல்லோரும் கேட்பது ஒரே வார்த்தை: பெருசு.

"பெருசா ஒண்ணு காட்டுக்கா" என்று ஒரு பையன் கேட்டான் ஒரு தடவை.

ரேவதி சாரைக் காட்டி, "அதோ நிக்குதே, அதவிட பெருசு நம்ம கடையில இல்ல" என்றாள். சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான் பெருசு என்றால் அகலம் என்று முடிவு கட்டிவிட்டேன். நீட்டு என்பது ஏமாற்று, பெட்டியில் எண்ணைக் கூட்டுகிற வேலை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். நூலைக் காட்டினேன். வாத்தியார் இரண்டு பேரைக் கூட்டிவந்து என் எதிரே நிறுத்தி, "இவங்கதான்" என்றார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. அந்த நேரத்தில்தான் தேசம்மா வந்தாள்.

தேசம்மா கோவளத்துக்காரி. படகு கரைக்கு வந்ததும் மீன் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, சேலையூர்ப் பக்கம் தெருத்தெருவாக விற்று முடிப்பாள். அன்று காலிக் கூடையோடு கடை வாசலிலேயே நின்றாள். ஆடித் தள்ளுபடி நேரம், உள்ளே நிற்க இடமில்லை.

"உள்ள வாம்மா" என்றேன்.

"கூட கீதுக்கா. நாறும்."

"நாறட்டும், வா."

வந்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பெருசா ஒரு போனு வோணும்க்கா. வீடியோல பேசறதுக்கு. கை முழுசா வரணும்."

நான் அவள் கையைப் பார்த்தேன். அகலமான உள்ளங்கை, மீன் முள்ளும் கத்தியும் கிழித்த கோடுகள். பட்டன் போன் வைத்திருந்தவர்கள் பெரிய போனுக்கு வரும்போது கை நிறைய வேண்டும் என்று கேட்பது வழக்கம். இவளும் அதைத்தான் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். இருந்ததிலேயே அகலமானதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"பாரு, கை முழுசா வந்துடுச்சா?"

"இதுல வரும்ல?"

"அதான் வந்துடுச்சே. உன் கையத்தான் பாரேன்."

அவள் கையைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். பின்னால் ஒருவர் "சீக்கிரம்மா" என்றார். "நீ சொன்னா சரிக்கா" என்றாள். கண்ணாடி ஒட்டிக் கொடுத்தேன். குமிழி இல்லை, தூசி இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தாள். கண்ணாடி மூலையில் விரிசல் விட்டிருந்தது. முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, இந்தப் போனுல என் பொண்ணுகிட்ட பேச முடியல."

ரேவதி வாங்கிப் பார்த்தாள். "நல்லாத்தானே கீது. சத்தம் கேக்குது பாரு. உங்க ஊர்ல டவரு இல்லியா?"

"சத்தம் எதுக்கும்மா? அவளுக்குக் காது கேக்காது. வாயும் வராது. கையாலதான் பேசுவா."

ரேவதி போனை மேசையில் வைத்துவிட்டாள்.

தேசம்மா சொன்னது இதுதான். மகள் பெயர் கஸ்தூரி. காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில், வெளியூரில், ஹாஸ்டலில் சேர்த்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வார்டன் அம்மா தன் போனை ஸ்டூலில் சாய்த்து வைப்பார். ஒவ்வொரு பிள்ளைக்கும் பத்து நிமிடம். அதற்காகத்தான் போன் வாங்கினாள்.

"மூஞ்சி பெருசா தெரியுதுக்கா. மூஞ்சிய வெச்சிகினு நான் இன்னா பண்றது? கை கீழ போயிடுது. அவ இன்னா சொல்றான்னே தெரியல. நானும் கையால சொல்லணும்ல? ஒரு கைல புடிச்சிகினு பேசப் போனேன், இது அகலமா, கைல நிக்கல, வழுக்கி விழுந்துடுச்சி. கட்டாயிடுச்சி. நான் கோவத்துல போன தூக்கிப் போட்டேன்னு நெனச்சிட்டா அவ. சாப்பிட மாட்டேங்குறாளாம். வூட்டுக்குப் போறேன்னு பொட்டிய கட்டி வெச்சிகினு உக்காந்துகீறாளாம். வர்ற ஞாயித்துக்கெழம நீங்க பேசி சரி பண்ணலைன்னா வந்து கூட்டிகினு போயிடுங்கன்னு வார்டன் அம்மா சொல்லிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் அன்னிக்கே சொன்னேனேக்கா, கை முழுசா வரணும்னு."

சொன்னாள். யாருடைய கை என்று நான் கேட்கவில்லை.

ரேவதியை வெளியே அனுப்பினேன். அவள் போனை ஸ்டூலில் நிமிர்த்தி வைத்து, எதிரே நின்று கையை ஆட்டச் சொன்னேன். உள்ளே அகலப் போனிலிருந்து அவளை வீடியோவில் கூப்பிட்டுப் பார்த்தேன். முகம் நிறைய ரேவதி. கை நெஞ்சுக்கு வரும்போது விளிம்பில் வெட்டுப்பட்டுப் போனது. பிறகு ஒரு நீட்டுப் போனில் கூப்பிட்டுப் பார்த்தேன். முகம் சிறுத்தது. ஆனால் தலையிலிருந்து இடுப்பு வரை முழுதாக வந்தது, இரண்டு கையும் பத்து விரலும் தெரிந்தன. வெளியே நின்றவள் அலுத்துப்போய், "போதுமாக்கா? ரோட்ல போறவன்லாம் பதிலுக்கு டாட்டா காட்றான்" என்று கத்தினாள்.

ஏமாற்று என்று நான் ஊருக்கெல்லாம் சொன்ன அந்த நீட்டுதான் இவளுக்கு வேண்டியது. தேசம்மா கையில் கொடுத்தேன். இடது கையில் ஒல்லியாக, உறுதியாகப் பிடித்துக்கொண்டாள். வலது கை சும்மா இருந்தது. "ஒத்தக் கையாலயே நான் எல்லாம் பேசிடுவேன்க்கா" என்றாள்.

ஆனால் கடையில் ஒரு சட்டம் இருந்தது. கண்ணாடி ஒட்டிய போனை மாற்றித் தருவதில்லை. போர்டே மாட்டியிருந்தோம். அதிலும் இது கீழே விழுந்த போன். சார் சாப்பிட்டு வந்ததும் அவர் எதிரே போய் நின்றேன். ரேவதி பின்னாலிருந்து என் முந்தானையை இழுத்தாள், சொல்லாதே என்று.

"சொல்லுங்க" என்றார் சார். அப்புறம் காத்திருந்தார்.

"அந்தம்மா சரியாத்தான் சார் கேட்டுச்சு. நான்தான் தப்பான போன எடுத்துக் குடுத்தேன்."

முழுக்கச் சொன்னேன். அவர் இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்து போர்டைப் பார்த்தார்.

"அந்த போர்டு கஸ்டமர் தப்புக்கு வெச்சது கன்னியம்மா. நம்ம தப்புக்கு நாம இன்னும் போர்டு வெக்கல" என்றார். "மாத்திக் குடுங்க. அத நான் வெச்சுக்கறேன்."

நீட்டுப் போனுக்கு நான் கண்ணாடி ஒட்டினேன். விசிறியை நிறுத்தி, கையைக் கழுவி, எல்லாம் முறைப்படிதான் செய்தேன். ஆனாலும் நடுவில் ஒரு தூசி உட்கார்ந்துவிட்டது. உரித்துப் போட்டுவிட்டு, வேறு கண்ணாடி எடுத்து மறுபடி ஒட்டினேன்.

வீட்டில் டவர் சரியாகக் கிடைப்பதில்லை என்று தேசம்மா ஞாயிற்றுக்கிழமை கடைக்கே வந்துவிட்டாள். தலை குளித்துப் பூ வைத்து வந்திருந்தாள். நாலு மணிக்குப் போன் அடித்தது. சார் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

திரையில் கஸ்தூரி வந்தாள். இரட்டைப் பின்னல், பன்னிரண்டு பதிமூன்று வயது இருக்கும். தலையைத் தூக்கவே இல்லை. கை இரண்டும் மடியில் கிடந்தன. தேசம்மா ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையை அசைத்தாள். அந்தப் பெண் பார்க்கவில்லை. மறுபடி அசைத்தாள். இல்லை. பத்து நிமிடத்தில் எத்தனை போயிற்று என்று யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பார்க்கப் பயம். தேசம்மா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, தன் மார்பைத் தட்டி, விரல்களை விரித்து, மூடி, ஏதோ சொன்னாள்.

ஓரக்கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அந்தப் பெண் நிமிர்ந்தாள். கை மேலே வந்தது. அப்புறம் நிற்கவே இல்லை. அவ்வளவு வேகமான பேச்சை நான் கேட்டதில்லை, அதாவது பார்த்ததில்லை. ஒரு விரல்கூட விளிம்பில் வெட்டுப்படவில்லை. தேசம்மா கண்ணைத் துடைக்கக் கை இல்லாமல் தோளில் துடைத்துக்கொண்டாள். நடுவில் சிரித்தாள்.

"இன்னா சொல்றா?" என்றாள் ரேவதி, தாங்க முடியாமல்.

"திட்றா. ஏன் போன தூக்கிப் போட்டன்னு திட்றா."

"நீ இன்னா சொன்ன?"

"நான் போடல, இந்த அக்காதான் தப்புப் போன குடுத்துச்சின்னு சொல்லிட்டேன்" என்று போனை என் பக்கம் திருப்பினாள்.

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். இரண்டு கையையும் அகல விரித்துக் கன்னத்தை உப்பிக் காட்டினாள். பிறகு கன்னத்தை உள்ளே இழுத்து, கையை நீளவாக்கில் இறக்கிக் காட்டினாள். கடைசியில் என்னைப் பார்த்து விரலை ஆட்டினாள்.

"குண்டு வோணாமாம், ஒல்லிதான் வோணுமாம். இனிமே கேட்டுக் குடுன்னு சொல்றா" என்றாள் தேசம்மா.

சார் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். கஸ்தூரி பெட்டியைப் பிரித்துத் துணியை எடுத்து வைத்துவிட்டதாக மறுநாள் வார்டன் அம்மா சொன்னாராம். பன்னிரண்டாவது வரை அங்கேயே படித்தாள்.

ரேவதி, உன் கேள்விக்குப் பதில் இதுதான். ஜனங்களுக்கு நீட்டுதான் பிடிக்கும் என்று இல்லை, அகலம்தான் பிடிக்கும் என்றும் இல்லை. பெருசு என்று கேட்டு வருகிறவர்களிடம், எதைப் பார்க்கப் போகிறாய், எந்தக் கையில் பிடிக்கப் போகிறாய் என்று கேட்கச் சொல். கேட்டுவிட்டு அந்தப் பெண்கள் வாயை மூடிக்கொள்ளட்டும். சாரைப் போலக் காத்திருக்கட்டும். போன் விற்பது இரண்டு குறைந்தாலும் பரவாயில்லை. அந்தக் குண்டுப் போனில்தான் சார் இன்னும் பேப்பர் படிக்கிறார், தெரியுமா?

இதை எழுதி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. பேத்தி யாழினி கால், கொம்பு எல்லாம் திருத்தினாள். திருத்திக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"ஆயா, தப்பு போன் குடுத்த எடத்த மட்டும் எடுத்துடலாமா? நீ எவ்ளோ பெரிய ஆளுன்னு எழுதிகினு வந்துட்டு, நடுவுல இது எதுக்கு?"

"அத எடுத்துட்டா அந்தப் பொண்ணுங்களுக்கு நான் இன்னாடி சொல்லிக் குடுத்தேன்? இருக்கட்டும். மொதல்ல இருந்து படி, சத்தமா. நான் கேக்குறேன்."